தேக்கு வண்ணம் பூசிய பெட்டி

எங்கள் இசைக்குழுவின் பாஸ் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். முக்கால் அங்குல வேங்கைப் பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள், முன்பக்கம் பதினைந்து அங்குல ஸ்பீக்கர். பங்காருப்பேட்டையில் கல்யாணம் என்றால், சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற அந்தச் சின்ன அவகாசத்துக்குள் அதை வண்டியில் ஏற்றியாக வேண்டும். கார்டு கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இன்னாங்க, வீட்டையே பேத்து எடுத்துனு வந்துட்டீங்களா?"

தூக்குகிற நான்கு பேரில் ஒருவர் என் அக்காவின் கணவர். குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர் அவர்தான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் போகிற அவசரத்தில் விற்றுவிட்டுப் போன கிட்டார் அது. மாமாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரேடியோவில் பாட்டு வரும்போது பாடுகிறவரை விட்டுவிட்டு, அடியில் ஓடுகிற அந்தத் தடித்த ஒலியை மட்டும் பின்தொடர்ந்து போய்க் கற்றுக்கொண்டார். பிழைப்புக்கு, எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் அடியில் மிஷினைப் பிடித்துப் பாறையில் துளைபோடுகிற வேலை.

நான் பெங்களூரில் இயற்பியல் படித்துவிட்டு வந்து, அதே சுரங்கத்தின் மின்சாரப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தேன். சுரங்கத்து வீட்டு வரிசைகளில், அக்கா வீட்டுக்கு அடுத்த லைனில் தனியாகக் குடியிருந்தேன். சாப்பாடு அக்கா வீட்டில். குழுவின் ஆம்ப்ளிஃபயரும் மைக்கும் என் பொறுப்பு. எழுபதுகளின் தொடக்கம் அது. மேடையில் எனக்கு இடம் கிடையாது. ஓரத்தில், ஒயர்களுக்கு நடுவே, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் பாட்டு நன்றாக இருந்தால் அது என்னால்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

ஒருமுறை பங்காருப்பேட்டையில் பெட்டியை இறக்கும்போது மாமா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி புடைத்து நின்றன. டிரம்ஸ் வாசிக்கிறவன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். மூச்சு திரும்பியதும் மாமா சொன்ன முதல் வார்த்தை:

"நான் எங்க மச்சான் பொட்டிய தூக்கறேன்? அதுதான் என்னைத் தூக்கினு வருது."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பிலும் இருமல் வந்தது.

துளைபோடுகிறவர்களின் நெஞ்சில் பாறைத் தூசி போய் உட்காருவது எங்கள் ஊரில் புதிய செய்தி இல்லை. யாருடைய இருமல் எந்த வகை என்று பக்கத்து வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள். மாமா தரைக்கு மேலே சர்ஃபேஸ் வேலை கேட்டு மனு கொடுத்திருந்தார். மெடிக்கல் போர்டு என்று டாக்டர்கள் உட்காருவார்கள். மார்புப் படத்தைப் பார்த்து, ஆளையும் பார்த்து, இவன் இனிக் கீழே இறங்கலாமா கூடாதா என்று சொல்லுவார்கள். கூடாது என்றால் மேலே லாம்ப் ரூமில், தொழிலாளிகளுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு வேலை கிடைக்கும். கிடைத்தால் பிழைப்பார், கிடைக்காவிட்டால் மாட்டார். அக்கா இதை இப்படியே, உலையில் அரிசி போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

லேசான பெட்டி ஒன்று செய்வது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். மாமாவுக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யும் இல்லை. ஆனால் யாரும் செய்யாத ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசையும் அதற்குச் சமமாக இருந்தது.

பாஸ் பெட்டி ஏன் கனமாக இருக்கிறது என்று முதலில் யோசித்தேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளுகிற காற்றைப் போலவே பின்னாலும் தள்ளுகிறது. பின்காற்று சுற்றிவந்து முன்காற்றோடு சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், தடித்த ஸ்வரம் காணாமல் போகும். பின்காற்றை அடைத்துவைப்பதுதான் பெட்டியின் வேலை. அடைபட்ட காற்று சுவர்களை உதைக்கும். சுவர் அசைந்தால் அதுவும் ஒரு ஸ்பீக்கராகி, தன் இஷ்டத்துக்கு முனகத் தொடங்கும். ஆகவே வேண்டியது விறைப்பு. மரத்தில் விறைப்போடு கனமும் சேர்ந்தே வருகிறது, அவ்வளவுதான். விறைப்பை மட்டும் தனியாக எடுக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் தேயிலைப் பெட்டிகளைப் பிரித்து, அந்த மெல்லிய பிளைவுட்டில் செய்தேன். குழந்தைகூடத் தூக்கலாம். ஆனால் மாமா எந்தக் கம்பியைத் தட்டினாலும் பெட்டி ஒரே ஸ்வரத்தில் கத்தியது. "பாட்டு ஏதா இருந்தாலும் இதுக்கு ஒரே பதில்தான், நம்ம யூனியன் தலைவரு மாதிரி" என்றான் டிரம்ஸ்காரன். அடுத்து, மீட்டர்கள் வந்த பார்சலில் இருந்த தெர்மாகோலை இரண்டு துணிக்கு நடுவே வைத்து, மோட்டார் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷை ஊற்றினேன். கண்முன்னாலேயே தெர்மாகோல் நுரைத்து, சுருங்கி, சளி மாதிரி வழிந்தது. வார்னிஷில் கலந்திருந்த தின்னர் அதைக் கரைத்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்; வேதியியல் எனக்குத் துணைப்பாடமாக இருந்தது.

விடை பூதிகோட்டையில் கிடைத்தது. ஒரு திருவிழாவுக்கு வாசிக்கப் போயிருந்தோம். மேடைக்குப் போகிற வழியை மறித்து வேலியில் ஒரு நீண்ட கம்பம் கட்டியிருந்தது, என் தொடை அளவு பருமன். பழைய பெட்டி உள்ளே போக வேண்டுமே என்று அதை அவிழ்த்து, பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன். அது காற்றைப் போல வந்துவிட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். வயலுக்குச் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே வந்து தூக்கிவிட்டார்.

"இன்னா சார், கத்தாழங் கம்பு கூட குஸ்தியா?"

ஆனைக் கற்றாழையின் பூத்தண்டு அது. எங்கள் பக்கத்தில் ரயில்பாதை ஓரமெல்லாம் அந்தக் கற்றாழைதான். பூத்து முடித்ததும் செடி செத்துவிடும், தண்டு மட்டும் நின்றபடியே காயும். உள்ளே நெட்டி மாதிரி வெறும் சோறு, வெளியே நார். வேலியில் வெயிலும் மழையும் பட்டு நின்ற கம்பம் வளையவே இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே அதை முகர்ந்து பார்த்தேன், நகத்தால் குத்திப் பார்த்தேன். கச்சேரி தொடங்கியதே எனக்கு நினைவில் இல்லை.

தண்டுகளை ஒரு விரல் உயரத் துண்டுகளாக அறுத்தேன். துணியின்மேல் அவற்றை நாணயங்களை அடுக்குவதுபோல நெருக்கமாக நிறுத்தி, மேலே இன்னொரு துணி போட்டு, இரண்டு துணிகளிலும் வார்னிஷ் ஊறவைத்து, பாரம் ஏற்றி, மோட்டார் காயில்களை உலர்த்துகிற சூட்டடுப்பில் வேகவைத்தேன். வெளியே எடுத்தபோது தட்டினால் ஓடு மாதிரி ஒலித்தது. அந்தப் பலகையை இரண்டு செங்கல்லுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து அக்காவை ஏறி நிற்கச் சொன்னேன்.

"ஒடஞ்சா உன் தலையிலதான் விழுவேன்" என்று ஏறினாள். பலகை அசையவில்லை. இறங்கி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "அடப்பாவி, அப்பளம் மாதிரி கீதேடா" என்றாள். உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும் என்றதும் இரண்டு தலையணைகளைப் பிரித்து இலவம்பஞ்சைக் கொடுத்தாள்.

இனி, அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுரங்கத்தின் அடியில் வேலை நடக்கிற இடத்துக்குக் காற்று கொண்டுபோவது பெரிய கித்தான் குழாய்கள். மின்விசிறிகள் எங்கள் பிரிவுடையவை. அதனால் கிழிந்த குழாய்களும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்து குவியும். அந்தக் கித்தானைத்தான் எடுத்தேன். வார்னிஷும் சுரங்கத்துடையது, அடுப்பும் சுரங்கத்துடையது. செய்த பலகைகளை, தெருவிளக்கு பழுதுபார்க்கப் போகிற லாரியில் ஏணிக்கு அடியில் வைத்து வெளியே கொண்டுவந்தேன். அந்த லாரியை வாசலில் யாரும் கிளறிப் பார்க்க மாட்டார்கள். வேறு ஊராக இருந்தால் இதைக் குப்பையை எடுத்துப்போனான் என்று விட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. தங்கம் விளைகிற இடத்தில் எதை எடுத்தாலும் ஒரே திருட்டுதான். செம்புக் கம்பித் துண்டு ஒன்றைச் சோற்று டப்பாவில் வைத்திருந்தவர் வேலையையும் லைன் வீட்டையும் ஒரே நாளில் இழந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கித்தான் முழுக்கச் சுரங்கத்தின் முத்திரை எழுத்துகள் அச்சிட்டிருந்தன. அதை மறைக்கத்தான் வண்ணம் பூசினேன். மஞ்சளாக ஒரு பூச்சு, காய்ந்ததும் மேலே பழுப்பு, அது ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுத்தால் மரத்தின் ரேகை வரும். மூலைகளுக்குப் பித்தளை வில்லைகள் அடித்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அசல் பர்மா தேக்கு. இரண்டு ஆள் தூக்க முடியாத தேக்கு.

முதல் தடவை மாமா அதில் வாசித்தபோது, அடுத்த வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. அந்த வீட்டு அம்மா ஈரக்கையோடு வெளியே ஓடிவந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் இருக்கிற திசையைப் பார்த்து, "கீழ பர்ஸ்ட்டாபா?" என்று கேட்டார். அடியில் பாறை வெடித்தால்தான் எங்கள் வீடுகள் அப்படி அதிரும். மாமா கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பிவந்து என் தோளைப் பிடித்து, "சாதிச்சிட்ட மச்சான்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

பெட்டியைத் தூக்குவது வேடிக்கையாக மாறியது பங்காருப்பேட்டை ஸ்டேஷனில்தான். பெட்டியைப் பார்த்ததும் போர்ட்டர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இதற்கு மூன்று ஆளாவது வேண்டும் என்றார்கள். மாமா அதை ஒற்றைக் கையால் எடுத்துத் தலைக்குமேல் உயர்த்தி, அப்படியே நடந்துபோனார். போர்ட்டர்கள் வாய் பிளந்து நின்றார்கள். ஒருவர் காலைத் தொட்டே கும்பிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து டிரம்ஸ்காரன் அதை நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டான். இடைவேளைக்கு முன்னால் மைக்கில் அறிவிப்பான்: "இப்போ நம்ம பயில்வான் வர்றாரு. காலையில ஒரு இட்லிதான் சாப்ட்டாரு. அந்த இட்லி பாதி என்னுது!" மாமா ஒல்லி மனிதர், தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரியும். முண்டாசு கட்டிக்கொண்டு வருவார். முதலில் கூட்டத்திலிருந்து இரண்டு தடியர்களைக் கூப்பிட்டு, தூக்குங்கள் என்று கை காட்டுவார். அவர்கள் கை வைப்பதற்குள் வேண்டாம் என்று விரட்டிவிட்டு, தானே ஒற்றைக் கையில் தூக்கிச் சுற்றுவார். கூட்டம் விசிலடிக்கும். அந்தக் கைத்தட்டல் அவருக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் நின்று நின்று வருகிறவர், மேடையில் அந்தச் சில நொடிகள் பலசாலியாக இருந்தார்.

அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "நாலு பேர் பார்க்கறான். எவன் கண்ணு எப்படியோ. வேணாம்னு சொல்லுடா" என்றாள். நான் சிரித்து விட்டுவிட்டேன்.

ஆபீசர்கள் கிளப்பில் எங்களை வாசிக்க அழைத்தார்கள். முன்வரிசையில் சுரங்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மாமாவின் மனு அவர் மேஜையில்தான் இருந்தது. டிரம்ஸ்காரன் அன்றைக்கும் வழக்கம்போல அறிவித்தான். நான் என் ஸ்டூலில் இருந்து ஒரு சைகை காட்டியிருந்தால் மாமா நிறுத்தியிருப்பார். டாக்டர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இங்கிலீஷ் பேசுகிற அந்தக் கூட்டம் நான் செய்த பெட்டியைப் பார்க்கட்டும் என்ற எண்ணம்தான் அப்போது மேலோங்கியிருந்தது. மாமா தூக்கினார். டாக்டரின் மனைவி எழுந்து நின்று கைதட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் வந்தார். பக்கத்தில் என் தலைமை இன்ஜினியரும் இருந்தார். பயிற்சிக்கு அனுப்பி என்னை உயர்த்துவதற்கு அப்போதுதான் அவர் சிபாரிசு செய்திருந்தார்.

"பெட்டி அருமை. நீங்கள் செய்ததாமே? என்ன மரம்?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

தலைமை இன்ஜினியரும் பதிலுக்காக என்னைப் பார்த்தார். கித்தான் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

"பர்மா தேக்கு, சார்" என்றேன்.

"அப்படியானால் உங்கள் ஆள் அசாத்திய பலசாலி!"

"ஆமாம், சார்."

அந்த இரண்டாவது பதிலைச் சொல்லும்போது, அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசைதான். தெரியும். டாக்டர் என்ன, ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒயரைச் சுருட்டினேன்.

அவர் மறக்கவில்லை. போர்டு முடிந்து மாமா நேராக என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசல்படியில் உட்கார்ந்து, மூச்சு நிதானப்படும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆச்சு மாமா?"

"ஃபிட்டாம். கீழ போவலாமாம்." மூச்சை இழுத்துக்கொண்டார். "படத்தைப் பார்த்துனே இருந்தாரு டாக்டரு. அப்புறமா என்னைப் பார்த்தாரு. சிரிச்சிட்டாரு மச்சான். தேக்குப் பொட்டிய ஒரே கையில தூக்கறவனுக்கு மூச்சு இல்லியான்னாரு. அய்யோ அது லேசுங்க, வெறும் கத்தாழை, துணின்னேன். உன் மச்சானே தேக்குன்னு சொன்னாரேன்னாரு."

நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன்.

"அதுக்கு மேல நான் வாயத் தொறக்கல. இன்னா துணி, ஏது துணின்னு கேட்டா உன் பேரு வருமே."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தன்னைக் கீழே அனுப்பிவிட்டார்கள் என்பதைவிட, என்னைக் காட்டிக்கொடுக்காமல் வந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது போலிருந்தது. பிறகு, கூச்சத்தோடு கேட்பதுபோலக் கேட்டார்:

"ஒரே ஒரு தபா பொட்டிய எடுத்துனு டாக்டரு கிட்ட வாயேன் மச்சான். அவரு ஒரு வெரலால தூக்கிப் பார்த்தா போதும். வேற ஒண்ணும் பேசவே வாணாம்."

"முத்திரை தெரிஞ்சிடும் மாமா. வண்ணம் அங்கங்க உரியுது. வேலை போயிடும். போலீஸ்கூட வரலாம்."

"அப்போ வாணாம்" என்று உடனே சொல்லிவிட்டார். எழுந்தார். இரண்டு அடி போய்த் திரும்பினார். "வேற துணில ஒண்ணு செய்யேன். உங்க அக்கா பழைய புடவை கொடுப்பா. கத்தாழ நான் வெட்டினு வர்றேன். காட்டத்தானே, சின்னதா செஞ்சா போதாதா?"

அது சரியான யோசனை. புடவைத்துணியும் கடை வார்னிஷும் காயவைக்க வெயிலும் போதும். சுரங்கத்துப் பொருள் ஒரு துளிகூட வேண்டாம். செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவர் கற்றாழைத் தண்டுகளை ரயில்பாதை ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டுவந்து என் வீட்டுப் பின்சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். அக்கா புடவையை வெளுத்து மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

நான் செய்யவில்லை. மழை வந்தது, துணி காயாது என்றேன். பயிற்சிக்கான நேர்முகம் வந்தது, முடியட்டும் என்றேன். உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. இது இப்படி லேசாக இருக்கிறதே, அப்படியானால் அந்தப் பெரிய பெட்டி எதனால் செய்தது, ஏன் தேக்கு என்றாய் என்று டாக்டர் கேட்பார். அந்த ஒரு கேள்வியின் எதிரில் நிற்க என்னால் முடியவில்லை. மாமா ஒரு தடவை நினைவுபடுத்தினார், இன்னொரு தடவை நினைவுபடுத்தினார். பிறகு நிறுத்திவிட்டார். தண்டுகள் சுவரோரமாக மழையில் ஊறிக் கறுத்துப் புழு வைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காதபோது அவற்றை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன்.

எனக்குப் பயிற்சி கிடைத்தது, உயர்வும் கிடைத்தது. ஷிப்ட் சங்கு ஊதினால் மாமா சுரங்கத்தில் இறக்குகிற கூண்டில் ஏறிக் கீழே போனார். இசைக்குழுவில் வாசிப்பதை அவராகவே விட்டார். மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற பாஸ்காரரை யார் பார்ப்பார்கள் என்று கேலியாகச் சொன்னார். நிற்க முடியவில்லை என்று அர்த்தம். பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு, புத்தகம் அடுக்கினேன். அக்கா வீட்டில் சாப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் அடியில் மிஷினைப் பிடித்தபடியே விழுந்துவிட்டார் என்று அவரைக் கூண்டில் படுக்கவைத்து மேலே கொண்டுவந்தார்கள். அன்று மாலைதான் நான் பெட்டியை எடுத்தேன். கத்தியால் ஒரு பக்கத்து வண்ணத்தை முழுக்கச் சுரண்டினேன். முத்திரை எழுத்துகள் கறுப்பாக, தெளிவாக வெளியே வந்தன. மறுநாள் காலை அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்றே அந்தப் பக்கத்தை வெளிப்புறமாக வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கதவை அகலத் திறந்துவிட்டார்.

"குடுங்க சார், நான் எடுத்துனு வர்றேன்" என்று வாங்கியவர், "லேசா கீதே! இன்னா சார் இது, கோழிக் கூண்டா?" என்றார். எழுத்துகளை அவர் பார்த்தார். பெட்டியை உள்ளே கொண்டுபோனார்.

பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இளைஞர். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கித்தான் உட்பட. அவர் பெட்டியை மரியாதைக்காக ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். கித்தான் திருட்டு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மாமாவின் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார்.

"இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. மேல் வேலைக்கு நானே எழுதுகிறேன்" என்றவர், பழைய படத்தைக் காட்டினார். "இது அப்படி இல்லை. இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்லக்கூடிய படம். அந்த நேரத்தில் ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். தெரிந்தவர் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேல் வேலைப் பக்கம் சாய்ந்திருக்கும்."

அவர் என்னைக் குற்றம்சாட்டவில்லை. எனக்குப் பாடம் விளக்குகிற தொனியில் சொன்னார்.

உத்தரவு வந்தது. மாமா லாம்ப் ரூமுக்குப் போனார். விளக்கு கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார்கள். விளக்கின் பேட்டரியை அலமாரியிலிருந்து எடுக்க அவரால் முடியவில்லை. கீழே இறங்கப்போகிறவர்களே உள்ளே வந்து எடுத்துக்கொண்டார்கள், அவர் டோக்கனை மட்டும் வாங்கிவைத்தார். "நல்ல வேலை மச்சான், உக்காந்த எடத்துல சம்பளம்" என்றார் என்னிடம். அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டவில்லை.

சடங்குகள் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒரு காலையில் அக்காவிடம் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். கிளப்பில் சொன்ன பொய், புடவைத்துணியில் செய்யாமல் விட்டது, தண்டுகளை எரித்தது. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. நான் முடித்ததும், "தேக்குன்னு சொன்னது தெரியும். அன்னிக்கே சொன்னாரு. கம்பை எரிச்சது தெரியாது" என்றாள்.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்க்கா."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போயிருந்தா போயிருக்கும். நீ எங்க வீட்லதானே சாப்ட்டுனு இருந்த? அப்பவும் அவரு சம்பாரிச்சதுல உனக்கு ஒரு வாய் சோறு இருந்திருக்கும். லாம்ப் ரூம்ல உக்காந்து சம்பாரிச்சிருப்பாரு, அவ்வளோதான். இத நீ ஏண்டா யோசிக்கல?"

கேள்வியில் கோபம் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை, அதனால் கேட்டாள். சொல்லட்டும் என்று என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். அன்று எனக்கு விடுமுறை. அது அவளுக்கும் தெரியும்.